ஒரே ஒரு ‘க்ளிக்’தான்... அதுக்கா இவ்வளவு கோபம்? - கோல்ஃப் பார்க்கப் போகும் செல்போன் ரசிகர்களுக்கு!

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்கப் போனால் விசில் அடிக்கலாம். தோனி இறங்கும்போது தொண்டை கிழியக் கத்தலாம். ஃபிளாஷ் லைட்டைப் போட்டு ஆயிரம் போட்டோ எடுக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. ஆனால், அதே ரசிகர் கோல்ஃப் பார்க்கப் போன இடத்தில், தப்பான நேரத்தில் ஒரே ஒரு ‘க்ளிக்’ செய்துவிட்டால் போதும். மொத்தக் கூட்டமும் அவரைத் திரும்பிப் பார்க்கும்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த ‘க்ளிக்’கில்? ஆவடிக்காரர் ஒருவர் முதன்முறையாகத் தொழில்முறை கோல்ஃப் போட்டி பார்க்கக் கிளம்புகிறார் என்று சும்மா கற்பனை செய்துகொள்வோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தெரு கிரிக்கெட். கோல்ஃபைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பணக்கார அப்பாக்கள் ஆடுவது மட்டும்தான். நண்பர் ஒருவர் பாஸ் கொடுக்கிறார். ‘நாலு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம்’ என்று மின்சார ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ பிடித்து நந்தனம் வருகிறார். அண்ணா சாலையின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே பச்சைப் பசேலென்று கிடக்கிறது காஸ்மோ - டி.என்.ஜி.எஃப் கோல்ஃப் மைதானம். இந்தியாவின் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான பி.ஜி.டி.ஐ நடத்தும் சென்னை ஓபன் போட்டிகளைப் பார்த்த மைதானம் அது. அந்த அமைப்புக்கு 2024-ல் தலைவரானவர் நம் கபில் தேவ்தான்!

இனி, நம் ஆவடிக்காரர் படப்போகும் பாட்டைப் பார்க்கலாம்.

கயிறுதான் கேலரி!

கிரிக்கெட்டில் ரசிகருக்கும் வீரருக்கும் நடுவே பவுண்டரி கோடு, வேலி, கேலரி எல்லாம் உண்டு. கோல்ஃபில் அப்படியில்லை. 18 குழிகள் கொண்ட மைதானத்தில் வீரர்கள் நடந்துகொண்டே ஆட, ரசிகர்களும் கூடவே நடப்பார்கள். பெரும்பாலான இடங்களில் நடுவே இருப்பது ஒரு கயிறு மட்டும்தான். சில இடங்களில் அதுவும் இருக்காது. வீரர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும் தூரத்தில் நிற்கலாம். வேறு எந்த விளையாட்டிலும் சுலபத்தில் கிடைக்காத வாய்ப்பு இது.

நம்மவருக்கும் அப்படி ஓர் இடம் கிடைக்கிறது. வீரர் மட்டையைப் பின்னால் தூக்குகிறார். நம்மவர் போனைத் தூக்குகிறார். ‘க்ளிக்!’

வீரர் பாதியிலேயே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். ‘அமைதி’ என்று எழுதிய அட்டையோடு நிற்கும் தன்னார்வலர் ஓடி வந்து, “சார், அவர் அடிச்சு முடிக்கிற வரைக்கும் போனை இறக்குங்க, ப்ளீஸ்” என்கிறார். சுற்றி நிற்கிறவர்களின் பார்வையில் நம்மவருக்குக் காது சிவந்துவிடுகிறது.

‘இது ஒரு சத்தமா?’ என்று அவருக்குத் தோன்றுவதில் நியாயம் இருக்கிறது. பக்கத்து அண்ணா சாலையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டேதான் போகின்றன. ஆனால், தொடர்ந்து கேட்கும் இரைச்சல் காதுக்குப் பழகிவிடும். நிசப்தத்தில் திடீரென்று கிளம்பும் சின்னச் சத்தம்தான் உடம்பைத் தூக்கிவாரிப்போடும். மேலே தூக்கிய மட்டை கீழே இறங்கிப் பந்தைத் தொடக் கால் விநாடி அளவுக்குத்தான் நேரம் ஆகும். அதற்குள் மணிக்கட்டு ஒரு நூல் திரும்பினாலும், 250 மீட்டர் தள்ளி விழும் பந்து மரத்துக்குப் பின்னால் போய்விடும்.

தண்ணீருக்குள் போன கேமரா

நம்மவருக்குக் கிடைத்தது வெறும் ‘ப்ளீஸ்’தான். 2002-ல் அமெரிக்காவில் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கலிஃபோர்னியாவில் நடந்த ‘ஸ்கின்ஸ் கேம்’ போட்டியின் கடைசிக் குழியில், மணல் பள்ளத்திலிருந்து டைகர் உட்ஸ் அடிக்கும் நேரத்தில் கேமரா சத்தம் கேட்டது. அவருடைய கேடி ஸ்டீவ் வில்லியம்ஸ் (வீரரின் மட்டைப் பையைச் சுமந்து ஆலோசனையும் சொல்பவர்தான் கேடி) நேராகப் போய் அந்தக் கேமராவைப் பிடுங்கி, பக்கத்திலிருந்த குட்டையில் வீசிவிட்டார்!

பிறகு கேமரா போனுக்குள் வந்தது. தலைவலி ஆயிரம் மடங்கானது. 2006-ல் இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் நடந்த ‘தி ஓபன்’ போட்டியில் டைகர் உட்ஸ்தான் சாம்பியன். ஆனால், ரசிகர்களின் போன் கேமராக்கள் அந்தப் போட்டியில் பெரிய புகாராகக் கிளம்பின. அடுத்த ஆண்டே ரசிகர்கள் போன் கொண்டுவரத் தடை வந்தது. 2012-ல்தான், ‘சைலன்ட் மோடில் வைக்க வேண்டும்’ என்ற நிபந்தனையோடு மறுபடி அனுமதித்தார்கள்.

அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் ‘மாஸ்டர்ஸ்’ இன்னும் கறார். செல்போனுக்கு அனுமதியே கிடையாது. கேமராவையும் பயிற்சி நாள்களில் மட்டும்தான் கொண்டுபோகலாம். போட்டி நாளில் கண்ணால் பார்த்து மனதில் பதித்துக்கொள்ள வேண்டியதுதான்!

வில்லாக வளைந்த மட்டை

சத்தத்தை அணைத்தாயிற்று. இனி பிரச்னை இல்லை என்று நம்மவர் அடுத்த குழிக்கு நடக்கிறார். பிரச்னை வேறு உருவத்தில் வருகிறது.

முதல் போட்டோவில் வீரர் இருக்கிறார், பந்து இல்லை. இரண்டாவதில் பந்தும் இல்லை, வீரரின் தலையும் இல்லை. மூன்றாவதில் எல்லாம் சரி. ஆனால், வீரர் கையிலிருக்கும் இரும்பு மட்டை வில் மாதிரி வளைந்திருக்கிறது! போன் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான போன் கேமராக்கள் காட்சியை ஒரே நொடியில் மொத்தமாகப் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழே வரி வரியாகப் பதிவு செய்கின்றன. முதல் வரி பதிவாகி, கடைசி வரி பதிவாவதற்குள் மட்டை நகர்ந்துவிடுகிறது. அதனால்தான் நேரான மட்டை வளைந்து தெரிகிறது. ஓடும் ரயிலிலிருந்து எடுக்கும் படத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து நிற்பதும் இதனால்தான்.

தூரத்து வீரரைப் பிடிக்க ஜூம் செய்தால் படம் புள்ளி புள்ளியாக உடைகிறது. சென்னை வெயிலில் போன் சூடாகி, ‘கேமரா இயங்காது’ என்று எச்சரிக்கை காட்டுகிறது. வியர்வைக் கை பட்ட லென்ஸில் எல்லாப் படமும் பனிமூட்டம். மாலையில் இன்னொரு பஞ்சாயத்து. பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிவிட வீரர் குனிகிறார். மேற்கே சாயும் வெயிலில் நம்மவரின் நிழல், பந்து உருள வேண்டிய பாதையிலேயே நீளமாக விழுந்து கிடக்கிறது. மறுபடியும் ஒரு “சார், ப்ளீஸ்...”

‘ஃபோர்’ என்று கத்தினால் நிமிரக் கூடாது!

இதுவரை நடந்ததெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கடங்கள். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்குள்தான். கிரிக்கெட் பந்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், முன்னணி வீரர் முழு வேகத்தில் அடித்தால் மணிக்கு 270 கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கும். 2018 செப்டம்பரில் பாரிஸ் அருகே நடந்த ரைடர் கோப்பைப் போட்டியில், அமெரிக்க வீரர் ப்ரூக்ஸ் கெப்கா அடித்த பந்து திசை மாறி, பார்க்க வந்திருந்த ஒரு பெண்ணின் முகத்தில் பட்டது. அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. விளையாட்டு பார்க்கப் போன இடத்தில்!

பந்து கூட்டத்தை நோக்கி வந்தால் வீரர்கள் ‘ஃபோர்!’ என்று கத்துவார்கள். ‘நான்கு’ என்று எண்ணிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கக் கூடாது. உடனே குனிந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். போன் திரையில் கண் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு விநாடி கிடைக்காமல் போகலாம். திரையில் பந்து எங்கோ தூரத்தில் போவது போலத்தான் தெரியும்.

அனுபவசாலிகளுக்கே இது நடந்திருக்கிறது. 2010-ல் வேல்ஸில் நடந்த ரைடர் கோப்பையில், டைகர் உட்ஸ் தவறாக அடித்த பந்து, பிரிட்டிஷ் பத்திரிகைப் புகைப்படக்காரர் மார்க் பெய்னின் கேமராவிலேயே வந்து மோதியது. அதற்கு முந்தைய கணத்தில் அவர் ‘க்ளிக்’ செய்திருந்தார். பந்து நேராக நம் முகத்துக்கு வருவது போல இருக்கும் அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கூடவே, படத்தின் ஓரத்தில் விக், ஒட்டு மீசை, வாயில் சுருட்டோடு நின்ற ரசிகர் ஒருவரும் இணையத்தில் மீம் ஆகிவிட்டார். அவர் யாரென்று பார்த்தால், லண்டனில் வேலை பார்க்கும் இந்திய வம்சாவளிக்காரர்!

ஒரு ‘க்ளிக்’கின் விலை

‘கோடீஸ்வரர்கள் விளையாட்டு, ஒரு அடி தப்பினால் என்ன குறைந்துவிடும்?’ என்று கேட்கலாம். இந்தியத் தொழில்முறை கோல்ஃபின் கதை அப்படி இல்லை. 1991-ல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர், டெல்லியில் அடுத்தவரின் பையைச் சுமந்த கேடி. 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடியாக ஆரம்பித்தவர்தான். 2016, 2017 என அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்தியன் ஓபனை வென்ற எஸ்.எஸ்.பி.சௌராசியாவின் அப்பா, கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த ஊழியர்.

இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வழக்கமான நான்கு நாள் போட்டியில், முதல் இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கியவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தக் கோட்டைத் தாண்டாதவர்களுக்குப் பொதுவாகப் பரிசுப் பணம் கிடையாது. பயணம், தங்குமிடம், கேடி சம்பளம் எல்லாம் கைக்காசு. பல நேரம் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில்தான் வெளியே போக நேரும். நம்மவரின் ‘க்ளிக்’கில் தப்பியது அந்த ஒரு அடியாகவும் இருக்கலாம்.

எப்படி எடுக்கலாம் போட்டோ?

* நுழையும் முன்பே, போன் அனுமதி உண்டா என்று அந்தப் போட்டியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* போனை சைலன்ட்டில் வைத்தால் மட்டும் போதாது. சில மாடல்களில் கேமரா சத்தத்தை செட்டிங்ஸில் போய்த் தனியாக அணைக்க வேண்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது.

* வீரர் பந்தருகே போய் நின்றதும் போனை இறக்கிவிடுங்கள். பந்து கிளம்பிய பிறகு எடுங்கள். மட்டையை முடித்து, பந்து போகும் திசையைப் பார்த்தபடி நிற்கும் அந்த போஸ்தான் கோல்ஃபில் அழகு. அப்போது யாருக்கும் தொந்தரவும் இல்லை.

* வீரரின் கண்ணுக்கு நேராகவோ, பந்து போகும் திசையிலோ நிற்காதீர்கள். உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

* காலடியில் பந்து வந்து விழுந்தால் ஞாபகார்த்தமாக எடுத்துவிடாதீர்கள். அது இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது. தொடாமல் விலகி நில்லுங்கள்.

* லென்ஸைத் துடைக்கச் சுத்தமான பருத்திக் கைக்குட்டை, தலைக்குத் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில். 18 குழியும் கூடவே நடந்தால் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஆகிவிடும்.

போனை எடுக்காதவர்தான் ஹீரோ

2022 மே மாதம். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப். டைகர் உட்ஸ் பந்தை அடிக்கிறார். பின்னால் நிற்கும் கூட்டம் மொத்தமும் போனை உயர்த்திப் படமெடுக்கிறது. நடுவே ஒரே ஒருவர் மட்டும் கையில் பீர் கேனோடு, கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கூட்டத்தில் எடுத்த ஆயிரம் படங்கள் எங்கே போயினவோ தெரியாது. எதையும் எடுக்காமல் நின்ற அந்த மனிதரின் படம்தான் உலகம் முழுக்க வைரல் ஆனது. அந்த பீர் கம்பெனி அவரை வைத்து விளம்பரமே செய்தது!

சரி, நம் ஆவடிக்காரர் என்ன ஆனார்? கடைசிக் குழியில் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் அத்தனை அமைதி. பந்து மெல்ல உருண்டு, குழியின் விளிம்பில் ஒரு கணம் தயங்கி, ‘டொக்’கென்று உள்ளே விழுகிறது. அந்தச் சத்தம் அவருக்குத் துல்லியமாகக் கேட்கிறது. காலையிலிருந்து முதன்முறையாக! கூட்டம் கைதட்ட, வீரர் தொப்பியைக் கழற்றிக் கேடியின் தோளில் கை போடுகிறார். இப்போது போனை எடுக்கிறார் நம்மவர். ஒரே ஒரு ‘க்ளிக்’.

இந்த முறை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டேட்டஸுக்கு அந்த ஒன்று போதும்!