வீட்டுத் தொட்டியில் துறவி நண்டு வளர்த்தல்

இச்சஞ்சிகையில் கறவை, கோழி, தேனீ முதலியவற்றின் வளர்ப்பைப் பற்றி எழுதுவதே வழக்கம். துறவி நண்டினால் குடியானவருக்கு ஆதாயம் ஒன்றுமில்லை. ஆயினும், குழந்தைகளின் விருப்பத்திற்காக இதனை வீட்டிற்குக் கொணர்வோர் பலர், சில மாதங்களில் அது இறக்கக் கண்டு வருந்துகின்றனர். அறியாமையால் ஓர் உயிர் வீணாகாதிருக்கும்பொருட்டு இக்குறிப்புகள் எழுதலாயின.

இயல்பு:- இந்நண்டின் முன்னுடல் ஓடுடையது, பின்னுடலோ மிருதுவானது. ஆகவே இறந்த நத்தையின் வெற்றோட்டினுட் புகுந்து அதனைச் சுமந்து திரிகின்றது. துறவி நண்டுகளிற் பெரும்பாலானவை கடல்நீரில் வாழ்வன. அவை தரைத்தொட்டியில் பிழையா. தரையில் வாழ்வன ‘சீனோபிட்டா’ என்னும் இனத்தன. அமெரிக்க வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது கரீபியன் தீவுகளைச் சேர்ந்தது. இந்தியக் கரையோரங்களிலும் இவ்வினத்தன உண்டு.

தொட்டி:- இது தரையில் உலவினும் செவுளினாலேயே சுவாசிப்பது. செவுள் உலர்ந்தால் மூச்சு முட்டிச் சிறிது சிறிதாக மடியும். கம்பிக்கூண்டு ஆகாமைக்குக் காரணம் இதுவே. மூடியுள்ள கண்ணாடித் தொட்டியே ஏற்றது. உள்ளே காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 முதல் 85 வரையிலும், உஷ்ணம் 75 முதல் 85 டிகிரி பாரன்ஹீட் வரையிலும் இருத்தல் வேண்டும். மணல் 5 பங்கும் தென்னை நார்த்தூள் 1 பங்கும் கலந்து, கையாற் பிடித்தால் உதிராத அளவு நனைத்து, 6 அங்குலத்திற்குக் குறையாமற் பரப்புக. நண்டு பெரிதாயின் அதன் உயரத்தைப்போல் மும்மடங்கு ஆழம் வேண்டும்.

ஜலம்:- நன்னீர்க் கிண்ணமொன்றும் உவர்நீர்க் கிண்ணமொன்றும் தேவை. குழாய் ஜலமாயின் குளோரின் நீக்கப்பட்டிருக்க வேண்டும். சமையலுப்பைக் கரைத்த நீர் கடல்நீராகாது. மீன்தொட்டிக்கென விற்கும் கடலுப்பையே கரைக்க வேண்டும். ஏறி வெளிவரக் கூழாங்கற்களை இடுக.

ஆகாரம்:- பழம், காய்கறி, இலைச்சருகு, உப்பிடாத மீன், இறால், முட்டையோட்டுத் தூள், கணவாயோடு ஆகியவற்றை மாற்றி மாற்றி அளிக்கலாம். தோட்டத்து இலைகளை இடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூச்சிகளைக் கொல்லும் மருந்து நண்டையும் கொல்லும். போர்டோக் கலவையிலுள்ள தாமிரமும் அதற்கு விஷமே. மருந்து தெளித்த இலையை இடற்க.

சட்டையுரித்தல்:- வளருங்கால் நண்டு மணலுட் புதைந்து பழைய ஓட்டைக் கழற்றும். இது முடியச் சில வாரங்கள் முதல் இரண்டு மாதங்களும் அதற்கு மேலுங்கூட ஆகலாம். அப்போது தோண்டிப் பார்த்தல் கூடாது. கழற்றிய ஓட்டைத் தின்றே அது வலுப்பெறுமாதலால் அதனையும் அகற்றலாகாது. யானறிந்த ஒரு வீட்டில், புதைந்த நண்டு செத்ததெனக் கருதி மணலைக் குப்பையிற் கொட்டினர். கொட்டியபின், மிருதுவான புதுமேனியுடன் அது அசைந்தது கண்டு சிறுவன் அழுதான். அன்று மாலையே அது இறந்தது. அழுகிய மீன்நாற்றம் வீசினாலன்றி நண்டு இறந்ததென முடிவுசெய்தல் தவறு.

சங்குகள்:- நண்டொன்றுக்கு மூன்று நான்கு வெற்றுச் சங்குகள், சற்றே பெரியனவாக, வர்ணம் பூசாதனவாக வைத்திருக்க வேண்டும். இல்லையேல் ஒன்றன் சங்கை மற்றொன்று பறிக்கப் போரிடும்.

இறுதியாக ஒன்று. தாய் நண்டு தன் முட்டைகளைக் கடலில் விட, குஞ்சுகள் கடலிலேயே வளர்ந்து பின்னர்க் கரையேறுகின்றன. தொட்டியில் இனம் பெருகுதல் மிக அரிது. ஆகவே விற்கப்படுவன ஏறக்குறைய யாவும் கரையிலிருந்து பிடிக்கப்பட்டனவே. ஜப்பான் தேசத்தார் 1970-ம் ஆண்டில் இவற்றை இயற்கைச் சின்னமென அறிவித்துக் காப்பளித்தனர். தன்னிச்சையாக இது 30 ஆண்டுகளும் வாழவல்லது. கரையில் காண்பதைக் கரையிலேயே விடுதல் உத்தமம். முன்னரே வீட்டிலிருப்பதை மேற்கூறியவாறு பேணுதல் நம் கடமை.