உஷார்! படகு நின்றால் நிற்கட்டும், ஆற்றில் இறங்காதீர்கள்

மோகனூர் காவிரிப் படித்துறையில் ரிமோட் படகு விடும் தம்பிகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருவிழாக் கடையில் வாங்கும் பொம்மைப் படகைச் சொல்லவில்லை. தாங்களே வரைந்து, ஃபைபரில் வார்த்து, பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் வைத்து, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பறக்கவிடப் பார்க்கும் படகைச் சொல்கிறேன். அருமையான வேலை அது. பாடப் புத்தகத்தில் வராத எத்தனையோ விஷயங்களை அந்த ஒரு படகு கற்றுக்கொடுக்கும். ஆனால், "நடு ஆத்துல நின்னுபோச்சு, இந்தா எடுத்துட்டு வந்தர்றேன்" என்று ஒருவன் சட்டையைக் கழற்றுகிறானே, அந்த நிமிடம்தான் என் வயிற்றைக் கலக்குகிறது.

படகு நிற்கும். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஒருநாள் நிற்கும். ஆகாயத்தாமரை வேர் ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். பேட்டரி இறங்கி செல்லுக்கு 3 வோல்ட் பக்கம் வந்ததும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். மோட்டாரையும் ப்ரொப்பெல்லரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட், கிரீஸ் காய்ந்துபோனால், முறுக்கிக்கொண்டு அறும். முழு வேகத்தில் ஒரு சின்ன அலையில் மூக்கைத் தூக்கினால் போதும், படகு மல்லாந்துவிடும். வேகப் படகுக்கு இதெல்லாம் சகஜம். ஆகவே "நின்றால் என்ன செய்வது" என்பதற்குப் பதில் இல்லாமல் அதைத் தண்ணீரில் வைக்கவே கூடாது.

வெள்ளம் வரும் நாளில் யாரும் இறங்க மாட்டார்கள். எச்சரிக்கை அறிவிப்பு வரும், போலீஸ் நிற்கும். ஆபத்து அமைதியான நாளில்தான். 2023 பிப்ரவரி 15-ஐ நினைத்துப் பாருங்கள். நமக்குக் கீழே மாயனூரில், கால்பந்து விளையாட வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் 4 பேர் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். அது மழைக்காலம் இல்லை. கரையிலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம்தான் என்று தோன்றும் ஆறு இது. மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று மேல்தண்ணீர் காட்டிக்கொடுக்காது. ஒரு அடி இடுப்பளவு இருக்கும், அடுத்த அடியில் தரையே இருக்காது. பள்ளத்தின் விளிம்பு மணல் காலடியில் சரிவதால் திரும்பி ஏறவும் முடியாது.

இன்னொன்று: மேட்டூருக்கும் நமக்கும் நடுவே ஆற்றின் குறுக்கே மின்சாரம் எடுக்கும் கதவணைகள் பல இருக்கின்றன. அவற்றைத் திறந்து மூடுவதால், நம் ஊரில் ஒரு சொட்டு மழை பெய்யாமலே தண்ணீர் ஏறும், இறங்கும். காலையில் நடந்து போன மணல்திட்டு மாலையில் நீருக்குள் இருக்கும். ஓட்டத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் வினாடிக்கு 1 மீட்டர் ஓடினால், நின்றுபோன படகு 5 நிமிடத்தில் 300 மீட்டர் கீழே போயிருக்கும். அதை நீந்திப் பிடிக்கப் போகிறவனும் அதோடு சேர்ந்து கீழேதான் போவான். படகின் விலை பத்தாயிரமோ இருபதாயிரமோ இருக்கட்டும். போனால் போகட்டும் கண்ணு, விட்டுவிடு.

அதனால் படகை வரையும்போதே, வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன், அது எப்படித் திரும்பி வரும் என்று வரையுங்கள். வெள்ளை ஃபோம் துண்டுகளை உள்ளே அடையுங்கள். 2.5 கிலோ எடையுள்ள படகுக்குள் 2.5 லிட்டர் கன அளவுள்ள ஃபோம் இருந்தால், உள்ளே முழுக்கத் தண்ணீர் புகுந்தாலும் அது மூழ்காது. அடிப்பகுதி 'வி' வடிவமுள்ள ஒற்றை உடல் படகில் இன்னொரு வித்தையும் செய்யலாம். ஒரு பக்கத்தில் மட்டும் தனி அறை தடுத்து, அதற்குத் திறப்பு விடுகிறார்கள். படகு கவிழ்ந்ததும் அந்த அறையில் தண்ணீர் நிரம்பி, அந்தப் பக்கம் கனத்து, படகு தானாகவே உருண்டு நிமிரும். நேராக ஓடும்போது அந்த அறை காலியாகிவிடும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் இரட்டை உடல் கேடமரானையோ, பக்க மிதவை வைத்த அவுட்ரிகரையோ சொல்லவே மாட்டேன், இந்த ஒற்றை உடல் படகைத்தான் சொல்வேன். வேகம் கொஞ்சம் குறைவுதான், குறையட்டும். மேல் மூடிக்கு ஆரஞ்சு நிறம் அடியுங்கள், தூரத்தில் தெரியும். கையில் ஒரு தூண்டில் கோல் இருக்கட்டும். நரம்பு முனையில் டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி வீசி, சுற்றி இழுக்கலாம். அதற்கும் எட்டாவிட்டால் பரிசல்காரரைக் கூப்பிடுங்கள். லைஃப் ஜாக்கெட் போடாமல் நீங்கள் அதில் ஏறாதீர்கள்.

சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் 'ஃபெயில்சேஃப்' ரிசீவரில் சரியாக அமைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். படகை ஸ்டாண்டில் வைத்து, மோட்டாரை மெதுவாகச் சுற்றவிட்டு, கையிலுள்ள ரிமோட்டை அணையுங்கள். ப்ரொப்பெல்லர் உடனே நிற்க வேண்டும். மலிவான சில செட்டுகள் சிக்னல் போனாலும் கடைசியாகக் கொடுத்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் ஊடுருவாது, கார்பன் ஃபைபரும் அதை மறைக்கும். ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே, உடலுக்கு வெளியே நிற்கட்டும். 2.5 கிலோ படகு மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்து மோதுவதும், அதே எடையுள்ள கல் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒரே அடிதான். இப்போது ஆடி 18 அன்று நம் படித்துறையில் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் அம்மா, முளைப்பாரி விடும் பிள்ளைகள், தலை மட்டும் வெளியே தெரிய முங்கிக் குளிப்பவர்கள். ஆள் இருக்கும் இடத்தில் வேகப் படகை விடவே கூடாது. மோகனூர் வாய்க்காலும் ராஜா வாய்க்காலும் அகலம் போதாதவை, அங்கேயும் வேண்டாம். நீரோட்டமில்லாத, குளிப்பவர் இல்லாத குட்டையாகத் தேடி, மீன் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஆற்றுக்குப் போகும் முன்பே, வீட்டு மேசையிலேயே ஆபத்து காத்திருக்கிறது. இது பலருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் பயம்.

ஃபைபர் கடையில் மூன்று பொருள் கொடுப்பார்கள். தேன் பதத்தில் ரெசின். ஊதா நிறத்தில் ஆக்சிலரேட்டர், 'கோபால்ட்' என்பார்கள். சின்ன பாட்டிலில் தண்ணீர் போலத் தெளிவான கேட்டலிஸ்ட், இதையே 'ஹார்டனர்' என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் எந்த பாட்டிலிலும் லேபிள் இருக்காது. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே அளவுக் குவளையில் இரண்டையும் அடுத்தடுத்து அளப்பதும் ஆபத்துதான். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். அது முழுக்கக் கரைந்த பிறகே கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் வரை போதும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் குவளை நிறையக் கலந்து வைத்தால் அது தானாகவே கொதித்துப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் அந்த மூடியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் குழாயடியில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு நேராகக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். லாரி பாடி கட்டும் நாமக்கல்லில் ஃபைபர் வேலை தெரிந்த பட்டறைக்காரர்கள் கிடைக்காமல் போக மாட்டார்கள். முதல் முறை அப்படி ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பந்தய ப்ரொப்பெல்லர்கள் சில பெரிலியம் காப்பரில் செய்தவை. அவற்றைக் கூர் தீட்டி, பேலன்ஸ் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஆனால் காய்ந்த நிலையில் தேய்த்தால் பறக்கும் தூள் நுரையீரலுக்குப் போய், தீராத நோயைக் கொண்டுவரும். கிரைண்டரில் வைக்கவே வைக்காதீர்கள். தண்ணீரில் முக்கி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, அந்தத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைக் கட்டிப் போடுங்கள். உலோகம் எதுவென்று தெரியாத ப்ரொப்பெல்லரையும் அப்படியே நினைத்துக் கையாளுங்கள். மேசை மேல் மோட்டாரை முழு வேகத்தில் சுற்றிப் பார்ப்பதும் கூடாது. 2000 கேவி (வோல்ட்டுக்கு 2000 சுற்று) மோட்டாருக்கு 14.8 வோல்ட் கொடுத்தால் பாரமில்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று. 40 மில்லிமீட்டர் ப்ரொப்பெல்லரின் முனை அப்போது மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டரில் வெட்டிக்கொண்டிருக்கும்.

பேட்டரிக்கு வருகிறேன். லிப்போவை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. உப்பியதைத் திரும்பச் சார்ஜ் செய்யாதீர்கள். படகுக்குள் தண்ணீர் புகுந்து பேட்டரி நனைந்திருந்தால், கரையிலேயே கழற்றி, எரியும் பொருள் எதுவும் இல்லாத திறந்த வெளியில் மணல் வாளியில் வையுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பல மணி நேரம் கழித்துக்கூட அது பற்றிக்கொள்ளலாம். வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து, பாயும் தலையணையும் கிடக்கும் அறையில் வைக்காதீர்கள். புகை கிளம்பிவிட்டால் அதன் பக்கமே போகாதீர்கள், அந்தப் புகை விஷம். எல்லோரையும் விலக்கிவிட்டு 112-க்கு அழையுங்கள்.