வயிற்றில் முடியே இல்லாமல் நக்கும் பூனை: காரணம் மனசா, உடம்பா?

"எப்பப் பாரு நக்கிக்கிட்டே இருக்கு. வயித்துல முடியே இல்ல!" பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. முதுகு பளபளவென்று நன்றாகத்தான் இருக்கும். புரட்டிப் பார்த்தால் அடிவயிறும் தொடையின் உட்புறமும் மழித்தது போலத் தெரியும். 'ஏதோ சீக்கு' என்று பயந்து, கோணிப்பையில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. அந்த முடிவுக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெரும்பாலும் இது சரிசெய்யக்கூடிய பிரச்னைதான்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் பூனைக்குத் தனி அறிமுகம் தேவையில்லை. படகு கரை சேர்ந்து வலையை உதறும்போது முதல் ஆளாக வந்து நிற்பது அதுதான். மீன், உப்புக்காற்று, தெருவில் இன்னும் பல பூனைகள் என்று வாழும் இந்தப் பூனைகளுக்கு முடி போவதற்குக் காரணங்களும் இந்தச் சூழலிலேயே இருக்கலாம்.

கொட்டியதா, நக்கி ஒடிந்ததா?

விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைப் பூனை தன்னைச் சுத்தம் செய்யவே செலவிடும். அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த சின்னச் சின்ன முட்கள் உண்டு. சீப்பு போல அழுக்கையும் உதிர்ந்த முடியையும் அவை வாரி எடுத்துவிடும். ஒரே இடத்தை ஓயாமல் நக்கினால், அதே முட்கள் முடியை ஒடித்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முடி இல்லாத இடத்தில், முடி வளரும் திசைக்கு எதிராக விரலால் மெதுவாகத் தடவுங்கள். மழித்த மறுநாள் தாடி போலக் குத்தினால், முடி தானாகக் கொட்டவில்லை, பூனை நக்கி ஒடித்திருக்கிறது என்று பொருள். "அது நக்குவதை நான் பார்க்கவே இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். ஆள் இல்லாத நேரத்தில், கட்டிலுக்கு அடியில் ஒளிந்து நக்கும் பூனைகள் நிறைய. வாந்தியிலும் மலத்திலும் முடி அதிகம் வந்தால் அதுவும் ஒரு அடையாளம்.

'டென்ஷன்' என்று உடனே முடிவு கட்டாதீர்கள்

மன அழுத்தத்தால் பூனை அதிகமாக நக்குவது உண்மைதான். ஆனால், நாம் நினைக்கும் அளவுக்கு அது அடிக்கடி நடப்பதில்லை. 2006-ம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. 'மனப் பிரச்னையால் முடி இழந்தவை' என்ற சந்தேகத்தோடு அனுப்பப்பட்ட 21 பூனைகளை முழுமையாகப் பரிசோதித்தார்கள். 16 பூனைகளுக்கு அரிப்பைத் தரும் உடல் கோளாறுதான் காரணம். 3 பூனைகளுக்கு உடலும் மனமும் சேர்ந்த காரணம். மனம் மட்டுமே காரணமாக இருந்தவை வெறும் 2. ஆகவே முதலில் தேட வேண்டியது அரிப்பை.

அரிப்பு எங்கிருந்து வருகிறது?

*தெள்ளுப்பூச்சி:* ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும். பூச்சி கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று சொல்ல முடியாது. நக்கும்போதே பூனை அதை விழுங்கிவிடும். ஈரமான வெள்ளைத் தாள் மேல் பூனையை நிறுத்திச் சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் துகள்கள் கரைந்து சிவப்பாகப் பரவினால், அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. முட்டைகளும் புழுக்களும் வீட்டுத் தரையிலும் துணியிலும் இருப்பதால், அது படுக்கும் சாக்கையும் பழைய துணியையும் வெந்நீரில் துவைப்பது அவசியம்.

*மீன்:* பூனைகளுக்கு உணவு ஒவ்வாமை தருபவற்றில் மாட்டிறைச்சி, கோழியோடு மீனுக்கும் முக்கிய இடம் உண்டு. மருத்துவர் சந்தேகப்பட்டால், பூனை இதுவரை சாப்பிடாத ஓர் இறைச்சியை மட்டும் சுமார் 8 வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். கரையில் கிடைக்கும் ஒரு மீன் தலைகூடச் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதால், அந்த நாட்களில் பூனையை வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். மீனை நிறுத்துகிறோம் என்று பால்சோறு மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும்.

*படர்தாமரை:* வட்ட வட்டமாக முடி போய்ச் செதில் படிந்திருந்தால் இதுவாக இருக்கலாம். இது குழந்தைகளுக்கும் ஒட்டும். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

*சிறுநீர்ப்பை வலி:* அடிவயிற்றை மட்டும் நக்குகிற பூனைக்கு உள்ளே வலி இருக்கலாம். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே சிகிச்சை தேவை. தாமதித்தால் உயிர் போகும்.

மனசுதான் காரணம் என்றால்...

உடம்பில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, 'நக்கல் தொடங்கிய சமயத்தில் வீட்டில் என்ன மாறியது?' என்று யோசியுங்கள். புதுக் குழந்தை, புது நாய், வீட்டு வேலை, வேலைக்காக வெளியூர் போன மகன் என்று எதுவாகவும் இருக்கலாம். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் போன்ற நாட்களில் படகு கடலுக்குப் போகாது, மீன் வராது, வீடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். பூனையின் அன்றாடம் தலைகீழாகிவிடும். இருக்கிற கொஞ்சம் மீனுக்குத் தெருப் பூனைகளோடு சண்டையும் கூடும்.

இவற்றைச் செய்து பாருங்கள்:

• தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பாடு கொடுங்கள். மீன் வரத்து இல்லாத நாளிலும் அந்த நேரம் மாற வேண்டாம்.

• ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால், ஒன்றையொன்று பார்க்காதபடி தட்டுகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

• பரண், அலமாரி மேல்தட்டு, கவிழ்த்த அட்டைப்பெட்டி என்று ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுங்கள். குழந்தைகள் அங்கே போய் இழுக்கக் கூடாது.

• தினமும் இரண்டு வேளை, பத்து நிமிடமாவது கயிற்றை இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். பிறகு கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கும்.

• நக்கும்போது அதட்டாதீர்கள், அடிக்காதீர்கள். பயம் கூடினால் நக்கலும் கூடும்.

• கருத்தடை செய்தால் பூனைகளுக்குள் சண்டை குறையும்.

இவை விஷம்

மண்ணெண்ணெய், பினாயில் போன்றவற்றைப் பூனை உடம்பில் தடவாதீர்கள். தடவியது எல்லாம் நக்கலில் வயிற்றுக்குள் போகும். நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின், பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் தந்து உயிரையே எடுக்கும். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும்.

மருத்துவரிடம் போகும் முன்

பொன்னேரி பக்கம் உள்ள கால்நடை மருத்துவர்களிடம் முதலில் காட்டலாம். தோல் பரிசோதனை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. பழவேற்காட்டிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துணி போட்டு, சில நாள் முன்பே வீட்டில் திறந்து வையுங்கள். பூனை தானாக அதில் படுத்துப் பழகினால் பயணத்தில் மிரளாது. நக்கும் இடத்தைப் போட்டோவும், எந்த நேரத்தில் நக்குகிறது என்ற குறிப்பும் போனில் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இத்தனைக்கும் நிற்கவில்லை என்றால், மனப் பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகளை மருத்துவர் தருவார். அவை பலன் தரவே பல வாரங்கள் ஆகும். இடையில் நீங்களாக நிறுத்தக் கூடாது. முடி முழுதாக வளரச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை வாரம் ஒரு முறை அதே இடத்தைப் போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னேற்றம் அதில்தான் தெரியும்.