ஆண்டுக்கு ஒரு வாரப் பனிச்சறுக்கு: பெங்களூருவில் இருந்து செல்வோர் எந்த ஸ்கீயைத் தேர்வு செய்யலாம்?

பெங்களூரு: பனியே பொழியாத நகரம் பெங்களூரு. ஆயினும் குளிர்காலத்தில் இங்கிருந்து ஸ்ரீநகர், டேராடூன், மணாலி நோக்கிப் புறப்படும் சுற்றுலாப் பயணிகளில் பனிச்சறுக்குக்காகவே செல்வோரும் உள்ளனர். முதல் ஆண்டில் வாடகை ஸ்கீயில் விழுந்து எழுந்து கற்றவர்களுக்கு, இரண்டாவது அல்லது மூன்றாவது பயணத்தின்போது ஒரு கேள்வி எழுகிறது. சொந்தமாக ஒரு ஜோடி ஸ்கீ வாங்கலாமா? வாங்கினால் எந்த வகையை வாங்குவது?

ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் சறுக்குபவர் முதலில் சொந்தமாக வாங்க வேண்டியது ஸ்கீ அல்ல, பூட்ஸ் என்பதே இதற்கான சுருக்கமான பதில். ஸ்கீயும் தேவை என்று முடிவு செய்தால், நடுப்பகுதி சுமார் 85 முதல் 95 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள 'ஆல்-மவுண்டன்' வகை பெரும்பாலானோருக்குப் பொருந்தும். இதற்கான காரணங்களை விரிவாகக் காணலாம்.

ஒரே பெயர், வெவ்வேறு கருவிகள்

ஸ்கீ என்ற ஒரே சொல் முற்றிலும் வேறுபட்ட பல கருவிகளைக் குறிக்கிறது. கர்நாடக மாநிலம் குடகு மாவட்டத்தைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, 2025ஆம் ஆண்டு சிலி நாட்டில் நடைபெற்ற 5 கிலோமீட்டர் 'கிராஸ்-கன்ட்ரி' போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். அந்தப் போட்டியில் பயன்படுத்தப்படும் ஸ்கீ மிகவும் மெல்லியது, எடை குறைந்தது. சமதளத்திலும் ஏற்றத்திலும் உந்திச் செல்வதற்கு ஏற்றவாறு, அதில் பூட்ஸின் முன்பகுதி மட்டுமே பிணைக்கப்பட்டு, குதிகால் விடுபட்டிருக்கும்.

காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கான், 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரர். மலைச்சரிவில் இறங்கும் 'ஆல்பைன்' பிரிவில் போட்டியிட்ட அவர், 'ஜெயன்ட் ஸ்லாலம்' போட்டியில் 45ஆவது இடம் பிடித்தார். உயர்நிலைப் போட்டிகளில் ஆண்களுக்கான ஜெயன்ட் ஸ்லாலம் ஸ்கீ குறைந்தது 193 சென்டிமீட்டர் நீளம் கொண்டிருக்க வேண்டும். குறுகிய திருப்பங்கள் நிறைந்த ஸ்லாலம் போட்டிக்கு 165 சென்டிமீட்டர் போதுமானது. அதாவது, ஒரே வீரருக்கு ஒரே மலையில் இரண்டு வகை ஸ்கீ தேவைப்படுகிறது.

சுற்றுலாப் பயணிக்குத் தேவைப்படுவது இதற்கு நேர்மாறானது. காலையில் இறுகிய பனி, நண்பகலில் இளகிய பனி, மறுநாள் புதிதாகப் பொழிந்த பொடிப்பனி என எல்லாவற்றையும் ஒரே ஜோடி ஸ்கீயால் சமாளிக்க வேண்டும். ஆல்-மவுண்டன் வகை இதற்காகவே வடிவமைக்கப்பட்டது. எந்த ஒரு பனியிலும் அது முதலிடம் பெறாது. எந்தப் பனியிலும் முற்றிலும் கைவிடவும் செய்யாது.

மூன்று எண்களில் நடு எண்ணைப் பாருங்கள்

ஸ்கீயின் மேற்பரப்பில் 129-90-112 என்பது போன்ற மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை முறையே முன்முனை, நடுப்பகுதி, பின்முனை ஆகியவற்றின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கின்றன. பாதத்தின் கீழே அமையும் நடுப்பகுதியின் அகலமே தேர்வில் முக்கியமானது.

நடுப்பகுதி 80 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், இயந்திரம் கொண்டு சமப்படுத்தப்பட்ட இறுகிய தளத்துக்கு அது ஏற்றது. 100 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆழமான பொடிப்பனிக்கு ஏற்றது. பரப்பு அதிகமாக இருப்பதால் அகலமான ஸ்கீ மென்பனியில் புதையாமல் மிதக்கிறது. ஆனால் இறுகிய பனியில் அதனைச் சாய்த்து, எஃகு விளிம்பைப் பனியில் பதிக்கக் கூடுதல் நேரமும் விசையும் தேவை. அந்தச் சுமை முழங்காலுக்குச் செல்கிறது. குறுகிய ஸ்கீ விரைவாகத் திரும்பும். புதிய பனியில் எளிதாகப் புதையும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதே 85 முதல் 95 மில்லிமீட்டர் வரையிலான அளவு.

உயரத்தைவிடத் திறமைக்கு ஏற்ற நீளம்

ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால், தொடக்க நிலையில் இருப்பவருக்கு அதன் முனை தாடைக்கும் மூக்குக்கும் இடையே வர வேண்டும். ஓரளவு பழகியவருக்கு நெற்றி வரை இருக்கலாம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர், கற்கும் காலத்தில் சுமார் 150 முதல் 158 சென்டிமீட்டர் வரையிலும், தன்னம்பிக்கையுடன் திரும்பப் பழகிய பின்னர் 163 முதல் 170 சென்டிமீட்டர் வரையிலும் தேர்வு செய்யலாம். உடல் எடை அதிகமுள்ளவர் சற்று நீளமானதையும், குறைவானவர் சற்றுக் குட்டையானதையும் எடுப்பது பொருத்தமாக இருக்கும்.

நீளம் குறித்த பழைய அறிவுரைகள் இன்று பொருந்தாததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் ஸ்கீக்கள் ஏறத்தாழ நேராகவும், 200 சென்டிமீட்டர் அளவுக்கு நீளமாகவும் இருந்தன. 1993ஆம் ஆண்டு ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம், இடை ஒடுங்கிய 'எஸ்சிஎக்ஸ்' ஸ்கீயை அறிமுகம் செய்தது. அந்த வளைவின் உதவியால் ஸ்கீயைச் சாய்த்தாலே அது திரும்பத் தொடங்கியது. அதன்பின் குட்டையான ஸ்கீ வழக்கமானது.

இடை ஒடுக்கத்தின் அளவை 'ரேடியஸ்' என்ற எண் தெரிவிக்கிறது. ஆல்-மவுண்டன் வகையில் இது பெரும்பாலும் 14 முதல் 19 மீட்டர் வரை இருக்கும். எண் குறையக் குறைய திருப்பமும் சிறியதாகும்.

ஸ்கீயைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மற்றொரு வேறுபாடு புலப்படும். நடுப்பகுதி தரையைத் தொடாமல் வில்போல் மேலெழுந்திருப்பது 'கேம்பர்'. நாம் ஏறி நின்றதும் அது அழுந்தி, விளிம்பு முழுவதையும் பனியில் பதிக்கிறது. முனை முன்கூட்டியே மேல்நோக்கி வளைந்திருப்பது 'ராக்கர்'. இது மென்பனியில் முனை புதைவதைத் தடுக்கிறது. அவ்வப்போது சறுக்குபவருக்கு, பாதத்தின் கீழ் கேம்பரும் முனையில் ராக்கரும் அமைந்த மிதமான விறைப்புள்ள ஸ்கீயே உகந்தது.

குல்மார்க், அவுலி, சோலாங்: எங்கு செல்கிறீர்கள்?

கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள குல்மார்க், ஸ்ரீநகரில் இருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. 1998ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 'கொண்டோலா' ரோப்காரின் முதல் கட்டம் கோங்டூரி வரை செல்கிறது. 2005இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம், அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரம் வரை அழைத்துச் செல்கிறது.

அடிவாரப் புல்வெளியை ஒட்டிய மென்சரிவுகள் கற்போருக்கானவை. அங்கு எளிதில் வளையும் எந்த வாடகை ஸ்கீயும் போதும். அஃபர்வத்தின் மேற்சரிவுகளோ பெரும்பாலும் சமப்படுத்தப்படாத இயற்கைப் பனி. அங்கு மட்டுமே சறுக்க விரும்பும் அனுபவசாலிகளுக்கு 95 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான அகலம் கைகொடுக்கும்.

உத்தராகண்டின் அவுலி, மணாலிக்கு அருகே உள்ள சோலாங் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் சரிவுகள் அளவில் சிறியவை, பயிற்சிக்கு ஏற்றவை. அங்கும், சமப்படுத்தப்பட்ட தளங்கள் மிகுந்த ஜார்ஜியாவின் குடவுரி, கஜகஸ்தானின் ஷிம்புலாக் போன்ற வெளிநாட்டு மையங்களிலும் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை போதுமானது.

முதல் செலவு பூட்ஸுக்கு

கால் கொடுக்கும் கட்டளையை ஸ்கீக்குக் கடத்துவது பூட்ஸ்தான். தளர்வான பூட்ஸ் அணிந்தால், எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கீயும் சொன்னபடி திரும்பாது. வாடகை பூட்ஸ் பலரது கால்களுக்குப் பழகி நெகிழ்ந்திருக்கும் என்பதால், சொந்தமாக வாங்குவதன் பலன் இதில்தான் அதிகம்.

இதன் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கும். 26.5 சென்டிமீட்டர் பாதத்துக்கு 26.5 என்பதே அளவு. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னோக்கி மடக்கினால் விலக வேண்டும். குளிருக்கு அஞ்சி இரண்டு ஜோடி காலுறை அணிவது தென்னிந்தியப் பயணிகள் எளிதில் செய்யக்கூடிய தவறு. அது இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலை மேலும் குளிரச் செய்யும். மெல்லிய, நீளமான கம்பளிக் காலுறை ஒன்றே போதும்.

பூட்ஸின் விறைப்பைக் குறிக்கும் 'ஃப்ளெக்ஸ்' எண், பழகும் நிலையில் பெண்களுக்கு 60 முதல் 80 வரையும், ஆண்களுக்கு 80 முதல் 100 வரையும் இருக்கலாம். இந்த எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்பதால், அணிந்து பார்க்காமல் வாங்குவது உகந்ததல்ல.

முழங்காலைக் காக்கும் பைண்டிங்

பூட்ஸையும் ஸ்கீயையும் இணைக்கும் பொறியே 'பைண்டிங்'. சறுக்கும்போது இறுகப் பிடிப்பதும், விழும்போது விடுவிப்பதும் இதன் பணி. எவ்வளவு விசையில் விடுவிக்க வேண்டும் என்பதை 'டின்' எனப்படும் எண் குறிக்கிறது. ஐஎஸ்ஓ 11088 தரநிலையின்படி, இந்த எண் உடல் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம், சறுக்கும் திறன் ஆகிய ஐந்தையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு எண் குறைக்கப்படுகிறது.

கடைக்காரரிடம் எடையைக் குறைத்தோ, திறமையைக் கூட்டியோ சொல்வது ஆபத்தை விலைக்கு வாங்குவதற்குச் சமம். எண் அதிகமானால் விழும்போது ஸ்கீ கழலாமல் காலை முறுக்கும். குறைவானால் சறுக்கும் வேகத்தில் தேவையின்றிக் கழன்றுவிடும். சரியாகப் பொருத்தப்பட்ட பைண்டிங்கும் முழங்கால் தசைநார்க் காயங்களை முழுமையாகத் தடுப்பதில்லை. ஒருவருக்குப் பொருத்தியதை அப்படியே நண்பருக்குக் கொடுப்பதும், சொந்தமாகத் திருகாணியைத் திருப்புவதும் தவிர்க்கப்பட வேண்டும். பூட்ஸ் அடிப்பகுதியின் வகை பைண்டிங்குடன் ஒத்துப்போகிறதா என்பதையும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரே சோதிக்க வேண்டும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

அமெரிக்கச் சந்தையில் ஆல்-மவுண்டன் ஸ்கீக்களின் பட்டியல் விலை பெரும்பாலும் 600 முதல் 900 டாலர் வரை இருக்கிறது. பைண்டிங்கிற்குத் தனியே 200 டாலருக்கு மேல் ஆகும். இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது இறக்குமதி வரியும் சேரும்.

அடுத்தது எடை. பைண்டிங்குடன் ஒரு ஜோடி ஸ்கீ சுமார் 6 கிலோ, பூட்ஸ் சுமார் 4 கிலோ, கைத்தடிகளும் பையும் சேர்த்து 2 முதல் 3 கிலோ என மொத்தம் 12 கிலோவைத் தாண்டிவிடும். பல உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்கு அனுமதிக்கப்படும் சரக்குப் பொதி 15 கிலோ மட்டுமே. குளிர் உடைகளுக்கு மிஞ்சுவது 3 கிலோவுக்கும் குறைவு. முன்பதிவுக்கு முன்னரே விளையாட்டுக் கருவிகளுக்கான விமான நிறுவன விதிகளைப் பார்ப்பது அவசியம்.

பனிப்பொழிவும் உறுதியானதல்ல. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்தது. 2025இல் பனிக்குறைவு காரணமாக, பிப்ரவரியில் குல்மார்க்கில் நடைபெறவிருந்த 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன. அத்தகைய ஆண்டில், வாங்கிய ஸ்கீ ஒருநாள்கூடப் பனியைத் தொடாமல் வீடு திரும்பக்கூடும்.

எனவே கணக்கு எளிது. ஆண்டுக்கு 6 நாள் வீதம் ஐந்து ஆண்டுகளில் 30 நாள் சறுக்குவதாகக் கொள்வோம். 30 நாள் வாடகை ஒருபுறம். ஸ்கீயின் விலை, விமானக் கட்டணம், பராமரிப்பு மறுபுறம். முதலாவது குறைவாக இருக்கும் வரை வாடகையே சிக்கனம். வாடகைக்கு எடுக்கும்போது எஃகு விளிம்பில் துரு, அடிப்பரப்பில் விரிசல், பைண்டிங் திருகாணிகளில் தளர்வு ஆகியவை உள்ளனவா எனப் பார்த்து வாங்க வேண்டும்.

ஓய்வில் இருக்கும் 51 வாரங்கள்

சொந்தமாக வாங்கியவரின் ஸ்கீ ஆண்டின் பெரும்பகுதி அலமாரியில்தான் இருக்கும். பெங்களூருவின் மழைக்கால ஈரப்பதம் எஃகு விளிம்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பயணம் முடிந்ததும் ஸ்கீயைத் துடைத்து உலர்த்தி, அடிப்பரப்பிலும் விளிம்பிலும் மெழுகைத் தடிமனாகப் பூசி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அடுத்த பயணத்துக்கு முன் அந்த மெழுகைச் சுரண்டி எடுக்க வேண்டும். பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி முழுமையாக உலர்த்திய பின், கொக்கிகளை லேசாக மாட்டி வைத்தால் வடிவம் கெடாது.

எந்த ஸ்கீயும் பனிச்சரிவைத் தடுக்காது

அகலமான ஸ்கீ கையில் இருப்பதாலேயே எல்லைக்கு வெளியே உள்ள சரிவுகளில் இறங்கும் துணிவு சிலருக்கு வந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி அஃபர்வத் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி குல்மார்க்கில் மற்றொரு பனிச்சரிவு ரஷ்யர் ஒருவரின் உயிரைப் பறித்தது.

பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ ஆய்வகம் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதனைப் பார்க்காமலும், உள்ளூர் வழிகாட்டியின்றியும் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுவோர் ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்; அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை மலையேறுபவருக்கான வரிசை இதுதான்: முதலில் பயிற்சி, அடுத்து காலுக்குப் பொருந்தும் பூட்ஸ், தலைக்கவசம், சரியாகப் பொருத்தப்பட்ட பைண்டிங். ஸ்கீ வாங்குவது இவற்றுக்கெல்லாம் பிறகே. அதற்குள் இரண்டு மூன்று வாடகை ஸ்கீக்களின் நடு எண்ணையும் நீளத்தையும் குறித்து வைத்தவருக்கு, எதை வாங்குவது என்ற கேள்விக்கு விளம்பரங்களில் விடை தேட வேண்டியிருக்காது.