வாக்காளரும் தேர்வாளரும்: தென் கரோலினா, 1832

‘தேர்தல்’ என்னும் சொல் ‘தேர்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. ஆராய்ந்து தெளிதலும், தெளிந்ததைக் கொள்ளுதலும் அவ்வினையின் பொருள்கள். தேர்வோர் எத்தனை பேர் என்பதை அச்சொல் உணர்த்துவதில்லை. நாமோ அதனைக் கேட்டவுடன் வாக்குச்சாவடியையும் வாக்குச்சீட்டையும் நினைக்கிறோம். அந்நினைவோடு பழைய வரலாற்றைப் படித்தால், நடவாத ஒன்றை நடந்ததாகக் கொள்ள நேரும். 1832ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தல் தென் கரோலினா மாநிலத்தில் நடந்த முறை இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்க அதிபரை மக்கள் நேரே தேர்வதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்குரிய எண்ணிக்கையில் சிலரை அமர்த்துகிறது. அதிபருக்கு வாக்களிப்போர் அவர்களே. அவர்களை அமர்த்தும் வழியை வகுக்கும் உரிமையை அந்நாட்டு அரசமைப்பு மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது. 1832இல் இருந்த 24 மாநிலங்களுள் 23 மாநிலங்கள் வாக்குரிமை பெற்ற குடிமக்களைக் கேட்டே அவர்களை அமர்த்தின. தென் கரோலினாவில் மட்டும் சட்டமன்றமே அமர்த்தியது. இறக்குமதி வரி குறித்து அம்மாநிலம் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுடன் பிணங்கி நின்ற காலம் அது. ஆகவே அதன் 11 வாக்குகளும் வர்ஜீனியா ஆளுநர் ஜான் ஃபிளாய்டுக்குச் சென்றன. வேறு எம்மாநிலமும் அவருக்கு ஒரு வாக்கேனும் அளிக்கவில்லை. ஜாக்சன் 219 வாக்குகள் பெற்று வென்றார்.

அம்மாநிலச் சட்டமன்றம் பெருந்தோட்ட உடைமையாளரின் பிடியில் இருந்தது. மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். ஒரு மாநிலத்திற்கு உரிய வாக்குகளைக் கணக்கிடும்போது அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு சேர்க்கப்பட்டது. அவர்கள் எண்ணப்பட்டனர், ஆனால் கேட்கப்படவில்லை. 1860 வரை இம்முறையே நீடித்தது. 1868இல்தான் விடுதலை பெற்ற கறுப்பின ஆடவரும் உள்ளிட்ட மக்கள் அங்கு அதிபர் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தனர்.

சிலர் கூடித் தலைவரைத் தேரும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பெடாஸ் அமைந்துள்ள ரெம்பாவ், நெகிரி செம்பிலான் ஆட்சியாளரைத் தேரும் நான்கு உண்டாங்குகளுள் ஒருவருக்கு உரிய நிலம். சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல் ஆகியவற்றின் உண்டாங்குகள் ஏனைய மூவர். 1898இல் துவாங்கு முகமது, ஒன்றுபட்ட நெகிரி செம்பிலானின் யாங் டி பெர்துவான் பெசாராக ஏற்கப்பட்டதும் இவர்களின் இசைவினாலேயே. ஆட்சியாளர் அரச மரபினராக இருத்தல் வேண்டும்; எனினும் மகன் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் அரியணை ஏற இயலாது. 1967இல் துவாங்கு முனாவிர் மறைந்தபோது அவர்தம் மகனை விடுத்துச் சகோதரர் துவாங்கு ஜாபாரை உண்டாங்குகள் தேர்ந்தனர். 2008இல் துவாங்கு ஜாபார் மறைந்தபின், முன்னர் விடுபட்ட அம்மகனாகிய துவாங்கு முரிஸைத் தேர்ந்தனர். இங்கு வாக்குச்சாவடி இல்லை. ஆயினும் தேர்தல் உண்டு.

ஆதலால் இரு சொற்களை வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும் என்பது நம் கருத்து. பொதுத் தேர்தலில் வாக்களிப்பவர் ‘வாக்காளர்’. பிறரால் அமர்த்தப்பட்டோ மரபால் உரிமை பெற்றோ தலைவரைத் தேர்பவர் ‘தேர்வாளர்’. இருவரையும் ‘வாக்காளர்’ என்றே மொழிபெயர்த்தால், 1832இல் தென் கரோலினா மக்கள் ஃபிளாய்டை விரும்பினர் என மாணவர் பிழைபட உணர்வர். அவர்களை எவரும் கேட்கவே இல்லை.

தோட்டத் தமிழர்க்கு இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1955 ஜூலை 27இல் மலாயாவின் முதற் கூட்டரசுத் தேர்தல் நடந்தபோது, குடியுரிமை இன்மையால் நம் முன்னோருள் பலர் வாக்களிக்க இயலவில்லை. மக்கள்தொகைக் கணக்கில் அவர்களும் இருந்தனர். வாக்காளர் பட்டியலில் இல்லை. எந்நாட்டுத் தேர்தல் வரலாற்றைப் படிப்பினும் வென்றவர் பெயரை அறிவதோடு அமையாது, தேர்ந்தவர் யாவர், கேட்கப்படாதவர் யாவர் என்றும் வினவுவோமாக.