வெட்டை பயமும் பி.எஸ்.ஏ. எண்ணும்

பண்ருட்டி பலா மண்டியில் கணக்கு எழுதும் பெரியவர் அவர். நான்காக மடித்த லேப் ரிப்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். முழு உடல் பரிசோதனை பேக்கேஜோடு வந்த பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் புராஸ்டேட் சுரப்பியின் புரத அளவு): 6.2. பக்கத்தில் தடித்த எழுத்தில் 'எச்', அதாவது அதிகம். “சின்ன வயசுல லாரியில போனப்ப வெட்டை வந்துச்சு சார். அதுதான் இப்ப புத்துநோயா வந்துடுச்சா?” வீட்டில் சொல்லவில்லை, டாக்டரிடமும் போகவில்லை.

வெட்டை (கொனோரியா) வந்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. தொடர்பே தெரியவில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. காரணம் என்பதுபோல இங்கே எந்தக் கிருமியும் உறுதியாகவில்லை. வயதும், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ அந்த நோய் இருந்ததும் உறுதியாகத் தெரிந்த ஆபத்துக் காரணிகள்.

வெட்டை போன்ற பால்வினை நோயை மறைக்கிறவர் பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டியைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் போகிறார். அரசு மருத்துவமனைகளில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. ஆன்டிபயாட்டிக்கிலேயே வெட்டை குணமாகும்.

என் கவலை அந்தப் பேக்கேஜ் மேல்தான். பி.எஸ்.ஏ. புற்றுநோயை மட்டும் காட்டும் எண் அல்ல. வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் உடலுறவு, எதனாலும் ஏறும். தொற்று இருந்தால் ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பதே முறை. பி.எஸ்.ஏ. 4 முதல் 10 வரை உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் பயாப்சியில் புற்றுநோய் தெரிகிறது. இதையெல்லாம் சொல்லாமல் ரத்தம் எடுத்து, எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவது அநியாயம்.

ஐம்பது தாண்டிய ஆண்கள் எல்லோருக்கும் பி.எஸ்.ஏ. பார்க்கலாம் என்று சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 23 ஆண்டு தொடர்ந்த ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்தப் புற்றுநோய்ச் சாவு 13 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒரு சாவைத் தவிர்க்க 456 பேரை அழைக்க வேண்டியிருந்தது. அமெரிக்க வல்லுநர் குழு 2012-இல் இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்றது. 2018-இல், 55 முதல் 69 வயதுக்காரர்கள் டாக்டரிடம் பேசி முடிவெடுக்கட்டும் என்று மாற்றிக்கொண்டது. அந்தப் பேச்சுதான் நம் ஊர் பரிசோதனை முகாம்களில் காணாமல் போகிறது.

பேக்கேஜுக்குப் பணம் கட்டுமுன் கேளுங்கள்: இந்த எண் கூடுதலாக வந்தால் விளக்கிச் சொல்ல டாக்டர் இருக்கிறாரா? சிறுநீரில் ரத்தம் வந்தால் மட்டும் எந்த முகாமுக்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பழைய வெட்டையையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.