மாறியும் மாறாத கோப்பு

தமிழகத்தை விட்டுப் புனே நகரில் குடியேறியோர் பலர் வீட்டில், ஊர் நிலத்தின் பத்திரமும் பெற்றோரின் கடிதங்களும் இந்நாளில் கணினியிற் படங்களாக இருக்கின்றன. அவற்றையெல்லாம் கடவுச்சொல் இட்ட ஒரே பெரிய கோப்பினுள் பூட்டி வைப்பதுண்டு. பேழைக் கோப்பு என்று இதனைச் சொல்லலாம். நானும் அவ்வாறே செய்தேன். இரவுதோறும் ஒரு காப்பு நிரல் அதன் நகலை வேறொரு வட்டில் எடுத்து வந்தது. எடுத்து வந்ததாக நம்பினேன். ஓராண்டுக்குப்பின் கணினி பழுதாகி நகலைத் திறந்தபோது, முதல் நாள் வைத்தவை மட்டுமே இருந்தன. பின்பு சேர்த்தவை, என் தாயாரின் கடைசிக் கடிதத்தின் படம் உட்பட, ஒன்றும் இல்லை.

நிகழ்ந்தது யாதெனில், காப்பு நிரல்களிற் பல, கோப்பின் அளவையும் அது கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் மட்டுமே பார்க்கின்றன. இரண்டும் மாறாவிடில் கோப்பும் மாறவில்லையென்று கடந்து செல்லும். பேழையோ, 10 கிகாபைட் என்று வகுத்துவிட்டால், உள்ளே ஒரு தாள் இருப்பினும் ஆயிரம் இருப்பினும் 10 கிகாபைட்டே. நேரமாவது மாற வேண்டாவோ? வெராகிரிப்ட் என்னும் மறையாக்க நிரல், பேழை எப்போது கையாளப்பட்டதென்று பிறர் அறியலாகாது எனக் கருதி, இயல்பாகவே பழைய நேரத்தை மீண்டும் பொறித்துவிடுகிறது. காவலுக்கென்று செய்த ஏற்பாடே காப்புக்குப் பகையாயிற்று.

அந்த ஏற்பாட்டை அமைப்புகளிற் சென்று நீக்கிவிடுவது எளிய வழி. நேரத்தை மறைத்தே தீரவேண்டியவர், உள்ளடக்கத்தைப் படித்து ஒப்பிடுமாறு காப்பு நிரலைப் பணிக்க வேண்டும். காலம் சற்று அதிகமாகும். எவ்வழியாயினும் பேழையை மூடிய பின்னரே நகலெடுத்தல் வேண்டும்.

ஒரு தாள் சேர்ந்ததற்காகப் பத்து கிகாபைட்டையும் மறுபடி அனுப்புவதா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் நிரல், கோப்பைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, வேறுபட்ட பகுதியை மட்டும் அனுப்பவல்லது. வெராகிரிப்ட் பேழையில் ஓரிடத்து மாற்றம் பிற இடங்களின் மறையெழுத்தைக் கலைப்பதில்லையாதலால், பூட்டிய பேழைக்கும் இம்முறை செல்லும். இந்தப் புனேயிலேயே 1919 முதல் 1966 வரை பண்டார்கர் ஆய்வு நிலையத்தார் மகாபாரதச் சுவடிகளைச் சுலோகம் சுலோகமாக ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டனர். அட்டையைப் பார்த்து முடிவு செய்யவில்லை. 2008-இல் இந்நகரில் தொடங்கிய துருவா நிறுவனமும், முன்பே சேமித்த துண்டை மறுமுறை அனுப்பாத காப்பு முறையினாற் பெயர் பெற்றது.

இன்றிரவே பேழையில் ஒரு புதிய தாளை இட்டு மூடுங்கள். நாளைக் காலையில் மூலத்தை விடுத்து, நகலைத் திறந்து அத்தாளைத் தேடுங்கள்.